சோள ரொட்டிக்குக் கணக்கு எழுதுவது எப்படி

"ஏங்க, இந்த ஒரு துண்டு எத்தனை இட்லிக்குச் சமானம்?"

என் மனைவி இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பாபநாசம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். எத்தனை மூட்டை நெல் இறங்கியது, எத்தனை மூட்டை அரிசி ஏறியது, குருணை எவ்வளவு, தவிடு எவ்வளவு என்று நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் கையால் மாவு கலந்து, என் கையால் சுட்டு இறக்கிய ரொட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

அவளுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலையில் மூன்று இட்லி என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் எதைத் தட்டில் வைத்தாலும் இட்லியில் மாற்றிச் சொல்லியாக வேண்டும். டாலரை ரூபாயில் மாற்றிப் பார்க்கிற மாதிரி. இடியாப்பம் ஒன்றுக்கு எவ்வளவு, ஒரு கரண்டி பொங்கலுக்கு எவ்வளவு என்றெல்லாம் அவள் வாய்ப்பாடாக வைத்திருக்கிறாள். மக்காச்சோள மாவில் சுடுகிற இந்தச் சோள ரொட்டிதான் அதில் இல்லாத புதுச் சரக்கு.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது மகள் வழியாக. அட்லாண்டாவில் அவள் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா வாரம் ஒரு தடவை கார்ன்பிரெட் சுடுவார். கனத்த இரும்புச் சட்டியை அடுப்புக்குள்ளேயே காயவைத்து, கொழுப்பை உருக்கி, அதில் மாவை ஊற்றும்போது தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல் சத்தம் வரும். சர்க்கரை போட்டால் அது ரொட்டி இல்லை, கேக் என்பது அவர் கட்சி. மகள் செய்வதோ தித்திப்பு. நான் ஊருக்கு எடுத்து வந்தது மகளுடையது, ஏனென்றால் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

இணையத்தில் தேடினால் ஒரு துண்டு கார்ன்பிரெட்டுக்கு இத்தனை கலோரி என்று ஆளுக்கொரு எண் கிடைக்கும். எந்த எண்ணும் உங்கள் சட்டியில் வெந்த ரொட்டியுடையது இல்லை. யார் வீட்டு வெண்ணெயோ, யார் வெட்டிய துண்டோ. வீட்டில் செய்கிற பண்டத்துக்கு வீட்டில்தான் கணக்கு எழுத வேண்டும். அது பெரிய வித்தை இல்லை. ஒரு சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர் போதும். மொத்தம் அரை மணி நேர வேலை, அதுவும் முதல் தடவைக்கு மட்டும்.

முதலில் மாவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதில்தான் நான் விழுந்தேன். கும்பகோணத்தில் ஒரு கடையில் "கார்ன் ஃப்ளோர்" என்று கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளை வெளேரென்று, கையில் தேய்த்தால் கிறீச்சென்றது. சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சுட்டு இறக்கியது ரொட்டியும் இல்லை, அல்வாவும் இல்லை. கத்தி உள்ளே போனது, வெளியே வர மாட்டேன் என்றது. நம் ஊரில் கார்ன் ஃப்ளோர் என்று விற்பது சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் ஸ்டார்ச். சூப் கெட்டியாவதற்குப் போடுவார்களே, அது. அதில் 100 கிராமுக்கு 91 கிராம் மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட். புரதம் கால் கிராம்தான், நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. நமக்கு வேண்டியது முழு மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு. இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் கணக்கு முழுக்கப் பாழ்.

நான் இப்போது மாவு வாங்குவதில்லை. டெல்டாவில் மக்காச்சோளம் நம் கண்ணுக்கு அதிகம் படாது. நமக்குக் குறுவை, சம்பா, தாளடி, அதற்குப் பிறகு வயலில் உளுந்தும் பயறும். பெரம்பலூர்ப் பக்கம் போனால் சாலையிலேயே மஞ்சளாகக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள். பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு. அங்கிருந்து ஒரு கிலோ இரண்டு கிலோ வரும்போது புடைத்து, கல் பொறுக்கி, கறுத்த மணியையும் பூசணம் பிடித்த மணியையும் தயவு பார்க்காமல் எறிந்துவிடுவோம். பூசண நஞ்சு சுட்டால் போகாது. ஐப்பசி கார்த்திகை மழையில் மூட்டைக்குள் ஈரம் இறங்கிய சோளத்தை வாங்கவே வேண்டாம்.

மாவு மில்லில் ரவைப் பதமாக அரைக்கச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் சோளத்தைப் போடவிடாதீர்கள். முதல் இரண்டு பிடி மாவில் முன்னால் வந்தவர் அரைத்த அரிசியோ கோதுமையோ கலந்து வரும். அதைத் தனியாகப் பிடித்து வைத்துவிட்டால் கணக்கும் சுத்தம், ருசியும் சுத்தம். முழுச் சோளத்தில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் அரைத்த மாவு சீக்கிரம் காறல் அடிக்கும். ஒரு கிலோவுக்கு மேல் அரைக்காமல், அரைத்ததை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது எடை. கப் கணக்கை மறந்துவிடுங்கள். எங்கள் பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, 3000 கலம் கொள்ளும் என்பார்கள். கலம், மரக்கால், படி என்று கொள்ளளவில் நெல் அளந்த ஊர் இது. அந்த ஊரில் பிறந்துவிட்டு அளவுப் பாத்திரத்தை இழிவாகப் பேசக் கூடாதுதான். நெல்மணி படியில் ஒரே மாதிரிதான் உட்காரும். மாவு அப்படி உட்காராது. ஒரே டம்ளரில் மூன்று முறை சோள மாவை அள்ளி நிறுத்துப் பார்த்தேன். லேசாகத் தூவி நிரப்பியபோது 118 கிராம், அள்ளித் தட்டியபோது 131, அமுக்கியபோது 146. அமுக்கிய டம்ளரில் இருபத்தெட்டு கிராம் மாவு கூடுதல். கலோரியில் அது தொண்ணூறைத் தாண்டும்.

தராசில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். லாரியை எடைமேடையில் ஏற்றும்போது காலி எடை, பார எடை இரண்டும் பார்ப்போமே, அதே முறை. இரும்புச் சட்டியின் காலி எடையையும் முன்பே பார்த்து வைக்க வேண்டும். பிறகு தேவைப்படும். நான் அதை மறக்காமல் இருக்க, மனைவியின் நகப்பூச்சை எடுத்துச் சட்டிக் கைப்பிடியின் அடியில் எழுதிவிட்டேன். அந்தச் சண்டை தனி.

ஒவ்வொரு பொருளுக்கும் 100 கிராமில் என்ன சத்து என்பதற்கு நான் நம்புவது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சேர்க்கை அட்டவணை. 1918-இல் குன்னூரில் சின்ன ஆராய்ச்சிக் கூடமாக ஆரம்பித்து 1958-இல் ஹைதராபாத் போன நிறுவனம் அது. அந்தப் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கும். ஆற்றலைக் கிலோஜூலில் போட்டிருப்பார்கள். மக்காச்சோளத்துக்கு 1398 என்று பார்த்துவிட்டு, "ஐயோ, ஆயிரத்து நானூறா!" என்று மூடிவைத்துவிடாதீர்கள். 4.184-ஆல் வகுத்தால் 334 கலோரி. நாம் பேச்சில் கலோரி என்பது கிலோகலோரியைத்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இப்போது பேரேடு. இது மகளுடைய பழைய அளவு.

மக்காச்சோள மாவு 150 கிராம்: 501 கலோரி, புரதம் 13.2 கிராம், கொழுப்பு 5.7, மாவுச்சத்து 97.2, நார்ச்சத்து 18.4.
கோதுமை மாவு 100 கிராம்: 320 கலோரி, புரதம் 10.6, கொழுப்பு 1.5, மாவுச்சத்து 64.2, நார்ச்சத்து 11.4.
சர்க்கரை 80 கிராம்: 320 கலோரி, மாவுச்சத்து 80. வேறொன்றும் இல்லை.
வெண்ணெய் 100 கிராம், ஒரு பாக்கெட்: 720 கலோரி, கொழுப்பு 81, புரதம் 0.8.
முட்டை இரண்டு, ஓடு நீங்கலாக 100 கிராம்: 143 கலோரி, புரதம் 12.6, கொழுப்பு 9.5, மாவுச்சத்து 0.7.
தயிர் 200 கிராம்: 120 கலோரி, புரதம் 6.2, கொழுப்பு 8, மாவுச்சத்து 6.
பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தண்ணீர் 60 கிராம்: கலோரிக் கணக்கில் பூஜ்யம். உப்புக் கணக்கில் பூஜ்யம் இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

கூட்டினால் 2124 கலோரி, புரதம் 43.4 கிராம், கொழுப்பு 105.7, மாவுச்சத்து 248, நார்ச்சத்து 29.8. எட்டுத் துண்டு வெட்டினோம். ஒன்றுக்கு 265 கலோரி, புரதம் 5.4, கொழுப்பு 13.2, மாவுச்சத்து 31, நார்ச்சத்து 3.7.

கூட்டு சரியா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி. புரதத்தையும் மாவுச்சத்தையும் நாலால் பெருக்குங்கள், கொழுப்பை ஒன்பதால் பெருக்குங்கள், மூன்றையும் கூட்டுங்கள். இங்கே 2117 வருகிறது. 2124-க்கும் இதற்கும் ஏழுதான் வித்தியாசம், விட்டுவிடலாம். நூறு இருநூறு என்று உதைத்தால் எங்கோ ஒரு வரியில் புள்ளி இடம் மாறியிருக்கிறது. நான் முதல் தடவை தயிரின் கொழுப்பை 80 என்று எழுதியிருந்தேன்.

தயிரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் குறிப்பில் "பட்டர்மில்க்" என்று இருக்கும். அதை மோர் என்று எடுத்துக்கொண்டு நம் நீர்மோரை ஊற்றினால் மாவு குழம்பாகிவிடும். அவர்களுடையது பாலைப் புளிக்கவைத்துச் செய்த, தயிர் மாதிரி கெட்டியான சமாச்சாரம். கெட்டித் தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்தால் அதே பதம் வரும்.

இட்லிக்கு வருவோம். எங்கள் வீட்டில் இட்லி அரிசி 800 கிராமுக்கு உளுந்து 200 கிராம், 56 இட்லி வரும். அதே புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இட்லி ஒன்றுக்கு 62 கலோரி, மாவுச்சத்து 13 கிராம். ஆக ஒரு துண்டு சோள ரொட்டி மாவுச்சத்தில் இரண்டரை இட்லிக்குக் கொஞ்சம் குறைவு. கலோரியிலோ நாலே கால் இட்லி.

"அது எப்படிங்க? ரெண்டரையா, நாலே காலா? ஒண்ணைச் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. இட்லியில் எண்ணெய் கிடையாது, அதனால் மாவுச்சத்தும் கலோரியும் சேர்ந்தே நடக்கும். ரொட்டியில் வெண்ணெய் புகுந்ததும் இரண்டும் வேறு வேறு வழி போகின்றன. சர்க்கரை அளவுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது மாவுச்சத்து. உடம்பு எடைக்குப் பார்க்க வேண்டியது கலோரி. என் மனைவிக்கு இரண்டும் வேண்டும். இன்னொன்று, மாவுச்சத்து கிராமில் சமமாக இருந்தால் இரண்டு பண்டமும் ரத்தத்தில் ஒரே மாதிரி ஏறும் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் விரலைக் குத்திப் பார்த்து அவள் தனியாக ஒரு பத்தி எழுதிக்கொள்கிறாள். அதைப் பார்த்து மருத்துவர் சொல்வதுதான் முடிவு. என் நோட்டு அதற்கு முந்தைய வேலைக்கு மட்டும்.

ஓர் இடத்தில் நான் இரண்டு நாள் முட்டிக்கொண்டேன். மகள் அனுப்பிய அமெரிக்க அட்டவணையில் முழுச் சோள மாவுக்கு மாவுச்சத்து 77 கிராம் என்று இருந்தது. நம் புத்தகத்தில் 64.77. அமெரிக்கச் சோளத்தில் பன்னிரண்டு கிராம் அதிகமா? ஆலையில் இப்படி வித்தியாசம் வந்தால் எங்கோ ஒரு மூட்டை இரண்டு முறை எழுதப்பட்டிருக்கும். அந்தப் பழக்கத்தில் வரி வரியாகத் தேடினேன். நம் புத்தகத்தில் நார்ச்சத்து 12.24 என்று தனி வரி. 64.77-ஐயும் 12.24-ஐயும் கூட்டுங்கள்: 77. அமெரிக்கர்கள் நார்ச்சத்தை மாவுச்சத்துக்குள்ளேயே அடக்கி எழுதுகிறார்கள், நம்மவர்கள் பிரித்து எழுதுகிறார்கள். சரக்கு ஒன்றுதான், பேரேட்டில் தலைப்பு வேறு. அதனால் ஒரு பொருளுக்கு இந்தப் புத்தகம், அடுத்ததற்கு அந்தப் புத்தகம் என்று கலந்தால் நார்ச்சத்து ஒரு வரியில் உள்ளேயும் இன்னொரு வரியில் வெளியேயும் நிற்கும். சர்க்கரைக்காரர் வீட்டுக் கணக்கில் இது சின்னப் பிழை இல்லை.

இப்போது ஈரம். நெல் விற்றவர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் என்ன பாடு படுவோம்! களத்தில் கொட்டிக் காயவைத்தால் மூட்டை எடை குறையும். அதற்காக உள்ளே இருக்கிற அரிசி குறைந்துவிடுமா? தண்ணீர்தான் போகிறது. ரொட்டியும் அப்படித்தான். என் மாவுக் கலவை ஏறக்குறைய 800 கிராம். சுட்டு ஆறிய பிறகு சட்டியோடு நிறுத்து, கைப்பிடியின் அடியில் எழுதிய காலி எடையைக் கழித்தால் 720. எண்பது கிராம் ஆவியாகப் போயிற்று. 2124 கலோரியில் ஒன்றுகூடப் போகவில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பாக்கெட்டுகளில் எல்லாம் 100 கிராமுக்கு என்றுதான் அச்சடிக்கிறார்கள். மாவாக இருக்கும்போது என் ரொட்டி 100 கிராமுக்கு 265 கலோரி. வெந்த பிறகு 295. மறுநாள் மூடாமல் வைத்துக் காய்ந்துபோனால் இன்னும் ஏறும். அதே ரொட்டிதான். எடையைச் சொல்லும்போது சூடாக இருந்ததா, ஆறியதா, நேற்றையதா என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். துண்டுக் கணக்கு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் துண்டுகள் சமமாக இருக்க வேண்டும். வட்டச் சட்டியில் நடுவிலிருந்து வெட்டும்போது கை சாய்ந்தால் ஒன்று 75 கிராம், ஒன்று 105 என்று வரும். வெட்டிய கையோடு ஒரு தடவை தராசில் போட்டுப் பாருங்கள்.

பேரேட்டை எழுதி முடித்துவிட்டு மேலிருந்து கீழே மறுபடி பார்த்தபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. பெயர் சோள ரொட்டி. சோளம் கொடுத்த கலோரி நாலில் ஒரு பங்குகூட இல்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து 1040, அதாவது ஏறக்குறையப் பாதி. மூன்று நாளாகச் சோளத்தில் என்ன இருக்கிறது, சோளம் சர்க்கரைக்கு ஆகுமா என்று நாங்கள் இரண்டு பேரும் விவாதம் செய்துகொண்டிருந்தோம். குற்றவாளி பக்கத்திலேயே உருகிக்கொண்டு இருந்திருக்கிறான்.

அட்லாண்டாப் பாட்டியம்மாவின் கட்சிக்கு அன்றைக்கு மாறினேன், முழுசாக இல்லாவிட்டாலும். சர்க்கரை 80-இலிருந்து 20. வெண்ணெய் 100-இலிருந்து 40. மற்றதெல்லாம் அப்படியே. ஈரம் குறையாமல் இருக்க இன்னும் 40 கிராம் தண்ணீர். வெண்ணெயில் 432, சர்க்கரையில் 240, ஆக 672 கலோரி மிச்சம். மொத்தம் 1452. துண்டுக்கு 181 கலோரி, கொழுப்பு 7, மாவுச்சத்து 23.5 கிராம். இட்லியில் சொன்னால் மாவுச்சத்துக்கு ஒன்றே முக்கால், கலோரிக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. புரதம் அதே 5.4-இல் நிற்கிறது, ஏனென்றால் வெண்ணெயிலும் சர்க்கரையிலும் குறைக்கிற அளவுக்குப் புரதமே கிடையாது.

வெண்ணெய் குறைந்தால் ரொட்டி உதிரும். சோளத்தில் கோதுமையைப் போல இழுபடும் பசைப் புரதம் இல்லை. அதனால்தான் நூறு கிராம் கோதுமை மாவு. மாவைக் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டால் ரவை தண்ணீரைக் குடித்து மென்மையாகும். சட்டியை நன்றாகக் காயவைத்து, 40 கிராம் வெண்ணெயில் ஒரு ஸ்பூனை மட்டும் சட்டியில் விட்டு மற்றதை மாவில் கலந்துவிடுங்கள். ஓவனில் 200 டிகிரியில் 22 நிமிஷம், ஓரம் சட்டியை விட்டு விலகி, நடுவில் குத்திய ஈர்க்குச்சி சுத்தமாக வந்தால் எடுத்துவிடலாம். கரண்ட் போனால் அடுப்பைத் திறக்காமல் காத்திருங்கள். திறந்து பார்த்து நடுப்பகுதி அமுங்கிப்போன ரொட்டியைத் தின்ற அனுபவத்தில் சொல்கிறேன். அதற்கும் கலோரி அதேதான்.

ஓவன் இல்லாதவர்களுக்குப் பணியாரக்கல் இருக்கிறது. எனக்கு அது பிடித்த வழி, ஏனென்றால் குழி எல்லாம் ஒரே அளவு, துண்டு சமமா என்ற கவலையே இல்லை. மேலே சொன்ன மாவுக்கு 28 பணியாரம் வந்தது. 1452-ஐ 28-ஆல் வகுத்தால் 52 கலோரி. "இட்லியை விடக் கம்மி!" என்று அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கு மட்டும் உறுத்தல். குழிக்குக் குழி எண்ணெய் விட்டோமே, அது எந்தப் பத்தியில்? அடுத்த தடவை எண்ணெய்க் கிண்ணத்தை ஆரம்பத்தில் நிறுத்தேன், முடிவில் நிறுத்தேன். 62 கிராம் குறைந்திருந்தது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, ஆக 558. பணியாரம் ஒன்றுக்கு இருபது ஏறி 72 ஆயிற்று. இட்லியைத் தாண்டிவிட்டது. அடை, தோசை, வடை எதற்கும் இப்படி எண்ணெய்க் கிண்ணத்தை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. "ஒரு ஸ்பூன்தான் விட்டேன்" என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள்.

உப்பு. இதைப் பக்கத்து வீட்டு அண்ணிக்காகச் சேர்த்தேன், அவருக்கு ரத்தக் கொதிப்பு. அரை டீஸ்பூன் உப்பு 3 கிராம், அதில் சோடியம் ஏறக்குறைய 1180 மில்லிகிராம். இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடரில் ஏறக்குறைய இன்னொரு 950, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாக்குக்கு உப்பாகத் தெரியாத இடத்தில் பாதி உப்பு ஒளிந்திருக்கிறது. எட்டால் வகுத்தால் துண்டுக்கு 265 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 2000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புப் போட்ட வெண்ணெய் என்றால் அது தனி. பாக்கெட்டின் பின்பக்கம் படித்துவிட்டு, தனி உப்பை நிறுத்திவிடலாம். அண்ணி அப்படித்தான் சாப்பிடுகிறார். சப்பென்று இருக்கிறது என்றும் சொல்கிறார்.

கடைசியாகப் புரதம். துண்டுக்கு 5.4 கிராம் என்று பார்த்ததும் மகிழ்ச்சி வரும். எண்ணைப் பார்த்தால் போதாது, தரத்தையும் பார்க்க வேண்டும். சன்னரகமும் மோட்டா ரகமும் மூட்டையில் ஒரே எடைதானே. மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோபன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு. நியாசின் என்ற வைட்டமினும் அட்டவணையில் இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் சோளத்தையே முக்கிய ஆகாரமாகத் தின்ற ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் உரியும், வயிறு கெடும், புத்தி தடுமாறும். தொற்று நோய் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, 1914-இல் அதை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர்தான் சாப்பாட்டுக் குறை என்று காட்டினார். சோளம் பிறந்த மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள், நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. அப்படிச் செய்தால் கட்டுண்ட நியாசின் விடுபடும். தானியம் கடல் தாண்டியபோது அந்தக் கைப்பக்குவம் கூடவே போகவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் ரொட்டி சுடுகிற நமக்கு அந்தப் பயம் வேண்டாம். முட்டையும் தயிரும் மாவிலேயே இருக்கின்றன. லைசின் குறைவை ஈடுகட்டப் பக்கத்தில் ஒரு பயறு வைத்தால் போதும். அட்லாண்டாவில் கார்ன்பிரெட்டோடு "பிளாக் ஐட் பீஸ்" என்று ஒன்று வைத்தார்கள். என்ன மகா பதார்த்தமோ என்று கிண்ணத்தைத் திறந்தால் நம் காராமணி! நாங்கள் சம்பா அறுத்த வயலில் விளைந்த பச்சைப்பயறைக் கடைந்து, சின்ன வெங்காயம் தாளித்து வைக்கிறோம். ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிடும்போது சட்னி கேட்கத் தோன்றாது. பயறுக்கும் தனி வரி எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு கைப்பிடிப் பயற்றில் புரதமும் இருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது.

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் ரொட்டி. அவளுக்கு ஒரு துண்டு, ஒரு கிண்ணம் பயறு, அன்றைக்கு இட்லி கிடையாது. நோட்டை அவளே எழுதுகிறாள், என் கூட்டலைத் திருத்தவும் செய்கிறாள். துண்டு சின்னதாக இருந்தால் 181-ஐ இன்னும் இறக்கலாமே, பத்தாக வெட்டினால் 145-தானே என்று போன வாரம் யோசனை சொன்னேன். தலையாட்டினாள். கத்தியை எடுத்து எட்டாக வெட்டினாள்.